பாடுகிறவனுக்கு எதற்கு ஒரு சீட்டு?

மந்தைவெளி கில்டின் ஐம்பத்தாறு பேருக்கும் ஒரு திறந்த மடல்

தம்பிகளே, தங்கைகளே,

போன சனிக்கிழமை ராத்திரி பத்து மணிக்கு நம் கோட்டை போயிற்று. பத்தேகாலுக்கு ஓட்டெடுப்பு வந்துவிட்டது. தோற்ற சூடு ஆறுவதற்குள் யாரோ டிஸ்கார்டில் தட்டிப் போட்ட அந்தத் தீர்மானத்துக்கு இதுவரை 31 பேர் கட்டைவிரல் காட்டியிருக்கிறீர்கள். தீர்மானம் இரண்டு. கில்டில் இருக்கும் இரண்டு பார்டு, ஒரு டான்ஸர், மூன்று மெர்ச்சன்ட் ஆக ஆறு பேரையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் டேமேஜ் அடிக்கிற ஆறு பேரைச் சேர்ப்பது ஒன்று. கிரியேட்டர்களின் ஆசிட் வீச்சை நெர்ஃப் செய்யச் சொல்லி, சர்வர் நடத்துகிறவர்களுக்கு எல்லாரும் பெயர் போட்டு மனு அனுப்புவது இன்னொன்று.

வெள்ளிக்கிழமை நள்ளிரவோடு ஓட்டு முடிகிறது. டிஸ்கார்டில் நான் நாலு வரிக்கு மேல் எழுதினால் ‘அங்கிள் கட்டுரை போட ஆரம்பிச்சுட்டார்’ என்று ஸ்டிக்கர் ஒட்டுவீர்கள். அதனால் கட்டுரையாகவே எழுதிவிடுகிறேன்.

உங்கள் தோளுக்குப் பின்னாலிருந்து வீட்டில் யாராவது இதை எட்டிப் பார்த்தால், அவர்களுக்காக ஒரு பத்தி. ராக்னராக் ஆன்லைன், தென்கொரியாவின் கிராவிட்டி நிறுவனம் 2002இல் வெளியிட்ட ஆட்டம். லீ மியுங் ஜின் வரைந்த சித்திரக்கதைதான் அதற்கு மூலம். அதில் வாரந்தோறும் குறித்த நேரத்தில் கோட்டைகள் திறக்கும். ஒவ்வொரு கோட்டையின் உள்ளறையிலும் எம்பீரியம் என்றொரு படிகம் இருக்கும். அதை உடைக்கிற கில்டுக்கு அந்த நொடியே கோட்டை சொந்தம். மற்றவர்கள் எல்லாரும் வெளியே வீசப்படுவார்கள். உடைத்தவர்கள் மூச்சு வாங்குவதற்குள் காவல்காரர்கள் ஆகிவிட வேண்டும். நேரம் முடிகிறபோது யார் கையில் இருக்கிறதோ, அவர்களுக்கு அடுத்த முற்றுகை வரை புதையல் பெட்டி. இதற்காகத்தான் சனிக்கிழமை ராத்திரி சாப்பிடக் கூப்பிட்டால் உங்கள் பிள்ளை ‘ரெண்டு நிமிஷம்மா’ என்கிறான். அந்த இரண்டு நிமிஷம் இரண்டு மணி நேரம்.

விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிறு சாயந்திரம் மார்க்கெட் பக்கத்து டீக்கடையில் உங்களில் மூன்று பேரைப் பார்த்தேன். மெட்ரோ தகரத் தடுப்பை ஒட்டி, பைக்கில் சாய்ந்துகொண்டு, ஃபோனில் ஒரு கூகுள் ஷீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். சனிக்கிழமை ரெக்கார்டிங்கை ஓடவிட்டு, யார் எத்தனை பேரைச் சாய்த்தார்கள் என்று ஒருவர் விடிய விடிய எண்ணியிருந்தார். அந்த உழைப்பைக் கும்பிடுகிறேன். கல்லூரி ரெக்கார்டு நோட்டுக்கு இதில் பாதி உழைத்திருந்தால் அரியர் இருக்காது.

“அண்ணா, நீங்களே சொல்லுங்க. மொத்தம் அம்பத்தாறு சீட்டு. அதுல பாடுறவனுக்கு எதுக்குண்ணா ஒரு சீட்டு? நேத்து ஒரு கில்லாவது எடுத்தானா?”

“நான் எடுத்தேனா?”

“நீங்க ஹீலர்ணா. அது வேற.”

வேறு இல்லை, தம்பி. டீ ஆறிவிடும் என்று அன்றைக்கு விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

2000களின் நடுவில் இந்தியாவில் ராக்னராக்கை லெவல் அப் என்ற நிறுவனம் நடத்தியது. அதே காலத்தில் நம் ஊர் சிஃபி, ஏ3 என்ற இன்னொரு கொரிய ஆட்டத்தைக் கொண்டுவந்திருந்தது. வீட்டில் இணையம் என்பது அப்போதுதான் மெல்ல வந்துகொண்டிருந்தது. பிஎஸ்என்எல் 2005 ஜனவரியில் பிராட்பேண்ட் தொடங்கியபோது, 256 கேபிபிஎஸ்ஸை நாங்கள் வாய் பிளந்து பார்த்தோம். ஆனால் முற்றுகை நடந்தது வீட்டில் அல்ல, ஆர்.கே. மடம் சாலையிலிருந்து உள்ளே திரும்பும் சந்தில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரில். எட்டு கம்ப்யூட்டர். எட்டாவது பிரிண்ட் எடுக்க வருகிறவர்களுக்கு. ஆக நாங்கள் ஏழு பேர். நோட்டில் பெயர், முகவரி, உள்ளே போன நேரம் எழுதிவிட்டு உட்கார வேண்டும். கரண்ட் போனால் யூபிஎஸ் பத்து நிமிஷம் தாங்கும்; அதற்குள் எதிரியே செத்தால்தான் உண்டு.

ஏழு பேரில் ஆறு பேர் ஸ்வார்ட்ஸ்மேன். ஏழாவதாக, டியூஷன் முடித்துத் தாமதமாக வந்தவன் நான். “லேட்டா வந்தல்ல, நீ அகோலைட்” என்றார்கள். இருபது வருஷமாக நான் பிரீஸ்டாக இருப்பதற்கு இதுதான் காரணம். ஆன்மிக நாட்டம் எதுவும் கிடையாது.

எங்கள் முதல் முற்றுகை முழுதாக ஒரு நிமிஷம் நீடித்திருக்காது. வாசலைத் தாண்டியதும் திரை வெள்ளையாகிவிட்டது. எதிர்த்தரப்பு விசார்டுகள் நுழைவிடத்திலேயே ஸ்டார்ம் கஸ்ட் பனிப்புயலை ஓயாமல் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஆறு வாள்காரர்களும் உறைந்து நின்று செத்தார்கள். கீழே கிடந்தபடியே பார்த்தபோது, அந்த விசார்டுகளுக்கு நடுவே ஒருவன் கித்தாரோடு சும்மா நின்றுகொண்டிருந்தான். “பாரேன், சண்டைக்கு நடுவுல கச்சேரி பண்றான்” என்று சிரித்தோம். அந்தக் கச்சேரி என்ன என்று எங்களுக்குப் புரிய மூன்று மாதம் ஆயிற்று. எங்கள் ஏழு பேரையும் கொன்றது அவன்தான்.

பிராகி பாட்டு உங்களுக்கெல்லாம் தெரியும். ஆனால் அது ஷீட்டில் வராது. அதைக் கேட்டுக்கொண்டிருக்கும் விசார்டுக்கு மந்திரம் ஓதுகிற நேரமும் குறையும், ஓதி முடித்தபின் காத்திருக்கிற நேரமும் குறையும். புயல் விட்ட இடத்திலேயே அடுத்த புயல் விழுவது அதனால்தான். பாட்டு நின்றால் புயல்களுக்கு நடுவே இடைவெளி விழும்; அந்த இடைவெளியில் ஒரு பட்டாளமே உள்ளே வந்துவிடும். இப்போது உங்கள் ஷீட்டில் முதல் ஐந்து பெயர்களைப் பாருங்கள். அதில் மூன்று விசார்டுகள். அந்த மூவரும் யார் பாட்டுக்குப் பக்கத்தில் நின்று அடித்தார்கள்? நீங்கள் வெளியேற்றப் போகிற இரண்டு பேரின் பாட்டுக்கு. அவர்களை அனுப்பிய அடுத்த வாரம் ஷீட்டின் மேல்வரிசை தானாகக் கீழே இறங்கும். அப்போது விசார்டையும் எடுத்துவிடலாம் என்று இன்னொரு ஓட்டெடுப்பு வரும்.

நம் டான்ஸர் தங்கை கணக்கும் இதேதான். பார்டும் டான்ஸரும் சேர்ந்து நின்று ஆடிப் பாடினால், அந்த வட்டத்துக்குள் கால் வைத்தவரின் திறன்கள் முடங்கும். ஒருவர் இல்லாமல் மற்றவரால் அதைச் செய்ய முடியாது. இதில் எனக்கு ஒரு தனி ரசனை உண்டு. இந்த ஆட்டத்தில் பார்டு ஆண், டான்ஸர் பெண். யாழோடு பாணன், கூடவே ஆடிப்பாடும் விறலி. சியோலில் உட்கார்ந்து இதை வடிவமைத்தவர் புறநானூறு படித்திருக்க வாய்ப்பில்லை. ஆனாலும் பறம்பு மலையைப் பற்றிக் கபிலர் மூவேந்தரிடம் சொன்னது அப்படியே பொருந்துகிறது. மூன்று பேரும் யானையும் தேருமாகச் சேர்ந்து வந்து பறம்பைச் சூழ்ந்து நின்றபோது, படையால் இந்த மலையைப் பெற மாட்டீர்கள், வேண்டுமானால் யாழை எடுத்துக்கொண்டு, விறலியர் பின்னே வர, பாடிக்கொண்டும் ஆடிக்கொண்டும் போங்கள், பாரி நாட்டையும் குன்றையும் சேர்த்தே கொடுத்துவிடுவான் என்கிறார். கிண்டல்தான். ஆனால் ஒரு முற்றுகையில் பாட்டுக்காரர்களின் மதிப்பை இவ்வளவு துல்லியமாக எந்த டியர் லிஸ்ட்டும் போட்டதில்லை. அதே பாட்டில், உழவர் கை படாமலே அந்த மலையில் விளையும் நான்கையும் எண்ணிச் சொல்கிறார்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். அது மெர்ச்சன்ட் டிபார்ட்மென்ட். முற்றுகையிட்டவர்கள் வெளியே காத்துக் கிடக்க, உள்ளே சாப்பாடு தீரவில்லை. கடைசியில் பாரி வீழ்ந்தது போரில் அல்ல, வஞ்சகத்தில் என்பதுதான் கதை.

உங்கள் அளவுகோல் கில் கவுண்ட். அதை வைத்து முற்றுகையை அளந்தால் என்ன ஆகும் என்பதற்கு, கோயில் மண்டபத் தரையில் கோடு கீறி ஆடிய ஆட்டம் ஒன்றே போதும். ஆடுபுலி ஆட்டத்தில் புலி மூன்று, ஆடு பதினைந்து. புலி தாண்டி வெட்டும். ஆட்டால் எதையும் வெட்ட முடியாது. பதினைந்து ஆடுகளின் மொத்த கில் கவுண்ட், அந்த ஆட்டம் பிறந்த நாளிலிருந்து இன்றுவரை, பூஜ்யம். இருந்தும், நன்றாக ஆடத் தெரிந்தவர் ஆட்டுப் பக்கம் உட்கார்ந்தால் புலிக்கு மூச்சு முட்டும். என் பாட்டி ஆட்டுப் பக்கம்தான் உட்காருவாள். நான் நாலு ஆட்டைத் தின்றுவிட்டுக் குதிப்பேன். அவள் பேசாமல் ஐந்தாவது ஆட்டை எடுத்து ஒரு மூலையில் வைப்பாள். அப்புறம்தான் எனக்குத் தெரியும், மூன்று புலியும் நகர இடமில்லை என்று. அந்த ஆட்டத்தைப் பார்த்து ‘ஆட்டை பஃப் செய்யுங்கள், அதற்கும் ஒரு பல் கொடுங்கள்’ என்று யாரும் மனு போட்டதில்லை. இரண்டு பக்கமும் ஒன்றாக இருப்பது சமநிலை என்று நினைத்தால் செஸ் போர்டில் எல்லாக் காயையும் ராணியாக்க வேண்டியதுதான்.

நம் கோட்டைக்கு வாருங்கள். எம்பீரியத்தின் மேல் பெரிய திறன்கள் செல்லுபடியாகாது. சாதாரண அடிதான் படும். உங்கள் ஷீட்டில் முதலிடம் பிடித்த சாம்பியன், அசுரா ஸ்ட்ரைக்கில் ஒரே குத்தில் ஆளைச் சாய்க்கிறவர், அந்தப் படிகத்துக்கு முன்னால் மற்றவர்களைப் போலத்தான். அங்கே தேவை, சளைக்காமல் வேகமாகக் கொத்திக்கொண்டே இருக்கிற ஒரு அசாசின். அவர் வழியில் யாரையும் கொல்ல மாட்டார். கொல்ல நின்றால் படிகத்தை எட்ட மாட்டார். அவரை அறை வரைக்கும் கொண்டுசேர்க்க, வாசலில் விழுகிற புயலை அழிக்க ஒருவர் வேண்டும். சேஜ் போடுகிற லேண்ட் ப்ரொடெக்டர்தான் அது. தரையில் விரித்த மந்திரம் எதுவானாலும் அழித்துவிடும், நம்முடையது எதிரியுடையது என்று பார்க்காது. கொஞ்சம் முன்னே பின்னே போட்டால் நம் காப்பையே கெடுக்கும். போன வாரம் அப்படித்தான் ஆயிற்று, யார் என்று சொல்லவில்லை. பிறகு நம் பாலடின். டிவோஷன் போட்டு மற்றவர்கள் வாங்க வேண்டிய அடியை எல்லாம் தன்மேல் வாங்கிக்கொள்கிறார். சனிக்கிழமை அவர் செத்த கணக்கை எண்ணி, கீழே ‘ஃபீடிங்’ என்று ஒருவர் கமென்ட் எழுதியிருக்கிறார். எழுதியவர் அந்த இரண்டு மணி நேரமும் அவருடைய டிவோஷன் கயிற்றில்தான் உயிரோடு இருந்தார். அழித்துவிடுங்கள், அவர் இன்னும் பார்க்கவில்லை.

ஷீட் வேண்டாம் என்று சொல்லவில்லை. குறைந்தது இரண்டு ஷீட்டாவது போடுங்கள். தொல்காப்பியர் கோட்டையைத் தாக்குவதையும் காப்பதையும் உழிஞை என்று ஒரே திணையில் அடக்கினார். பின்னால் புறப்பொருள் வெண்பாமாலை எழுதிய ஐயனாரிதனார், உள்ளே இருந்து காப்பதை நொச்சி என்று தனியாகப் பிரித்துவிட்டார். இந்த விஷயத்தில் நான் ஐயனாரிதனார் கட்சி. தாக்கும்போது தங்கமாக இருக்கிற ஒருவர் காக்கும்போது சும்மா நிற்கிறார். காக்கும்போது மதில் மாதிரி நிற்கிறவர் தாக்கப் போனால் வழியை அடைத்துக்கொண்டு நிற்கிறார். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் யாருக்கும் உபயோகமில்லாத ஒரு எண் வரும்.

இனி ஆசிட்.

இதில் உங்கள் கோபம் நியாயமானது. ஒரு கிரியேட்டர் தூரத்தில் நின்று பாட்டிலை எறிகிறார், நீங்கள் மூன்று வாரம் சேர்த்த கவசத்தோடு சாய்கிறீர்கள். எரிச்சல் வரத்தான் செய்யும். ஆனால் அந்த டேமேஜ் எங்கிருந்து வருகிறது என்று பார்த்தீர்களா? எறிகிறவரின் இன்டெலிஜென்ஸும் வாங்குகிறவரின் வைட்டாலிட்டியும் சேர்ந்து அதைத் தீர்மானிக்கின்றன. உங்கள் உடம்பு எவ்வளவு கெட்டியோ, அவ்வளவு பலமாக விழும். நம் கில்டில் எல்லாரும் வைட்டாலிட்டியை நூறை ஒட்டி ஏற்றி வைத்திருக்கிறோம். ஏன்? ஸ்டன் ஆகக் கூடாது, ரத்தம் நிறைய இருக்க வேண்டும், யூட்யூபில் ஒருவர் அப்படித்தான் சொன்னார். எல்லாரும் ஒரே வார்ப்பில் வந்து நிற்கிற கூட்டத்தை உடைக்கத்தான் அந்தப் பாட்டில். ஒரே ரக நெல்லை ஊர் முழுக்கப் போட்டால் ஒரே பூச்சி எல்லாவற்றையும் தின்னும் என்பது எந்த விவசாயிக்கும் தெரியும். பூச்சி மேல் மனு எழுதுவதைவிட, நாலு பேர் வைட்டாலிட்டியைக் குறைத்து வேறு வகையில் வளர்ந்து பார்க்கலாம்.

இன்னொன்று. ஒவ்வொரு வீச்சுக்கும் ஒரு ஆசிட் பாட்டிலும் ஒரு தீ பாட்டிலும் செலவு. அதைக் காய்ச்ச வேண்டும், காய்ச்சும்போது பாதியில் கெட்டும் போகும், எடை சுமக்க வேண்டும். சனிக்கிழமை எதிரிகளின் கிரியேட்டர் இரண்டு மணி நேரம் எறிந்தார் என்றால், அதற்குப் பின்னால் வாரம் முழுக்க யாரோ மூலப்பொருள் வாங்கி, காய்ச்சி, அடுக்கியிருக்கிறார்கள். அவர்கள் கில்டில் மெர்ச்சன்ட்டுகளுக்குச் சீட்டு இருக்கிறது. நம்மிடம் இரண்டு கிரியேட்டர்கள் இருந்தும் ஒன்பது மணிக்கே பாட்டில் தீர்ந்துபோனது. நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அந்தப் பாட்டிலை நிரப்பக்கூடிய மூன்று பேரை வெளியே அனுப்ப ஓட்டுப் போட்டுவிட்டு, பாட்டிலே கூடாது என்று மனுவும் எழுதுகிறீர்கள்.

நெர்ஃப் என்றாலே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். கோட்டைக்குள் திறன்களின் அடி வெளியே விழுவதைவிடக் குறைவாகவே விழும்படி ஆட்டத்தைச் செய்தவர்களே வைத்திருக்கிறார்கள். டெலிபோர்ட் வேலை செய்யாது. தள்ளிவிடுகிற திறன்கள் தள்ளாது. முற்றுகை வேறு, மைதானச் சண்டை வேறு என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒன்றுக்கு ஒன்று நின்று ‘என் கிளாஸ் உன் கிளாஸை ஜெயிக்குமா’ என்று பார்க்கிற இடம் அது அல்ல.

நம் தெருவிலிருந்து இருபது நிமிஷம் நடந்தால் சாந்தோம். அங்கே நிஜமாகவே ஒரு கோட்டை இருந்தது, நிஜமாகவே முற்றுகை நடந்தது என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? 1672 ஜூலையில் தெ லா ஏ என்ற பிரெஞ்சுத் தளபதி கப்பல்களோடு வந்து, கோல்கொண்டா சுல்தானின் காவலில் இருந்த சாந்தோமை மளமளவென்று பிடித்துக்கொண்டார். கோல்கொண்டா படை திரும்பி வந்து சூழ்ந்தது. ஆள்பலத்துக்குக் குறைவில்லை, குதிரைக்கும் குறைவில்லை. ஆனால் கோட்டை விழவில்லை. தரைப்படை எவ்வளவு பெரிதாக இருந்தாலும், ஒரு பக்கம் கடல் திறந்து கிடந்தது. டச்சுக்காரர்கள் தங்கள் கப்பல்களைக் கொண்டுவந்து அந்தக் கடலை அடைத்த பிறகுதான் உள்ளே இருந்தவர்களுக்குப் பசித்தது. 1674 செப்டம்பரில் சரணடைந்தார்கள். இரண்டு வருஷம். கப்பல்காரன் சுவர் ஏறவில்லை. தண்ணீரில் சும்மா நின்றான். கோல்கொண்டாவின் குதிரைவீரன் எவனாவது அப்போது ஷீட் போட்டிருந்தால், கப்பலுக்கு ஒரு சீட்டு எதற்கு என்றுதான் கேட்டிருப்பான். பிறகு கோல்கொண்டா ஆட்கள் அந்த மதிலையே இடித்துத் தள்ளினார்கள். உள்ளே இருந்த பிரெஞ்சுக்காரர்களில் ஃபிரான்சுவா மர்த்தேன் என்பவர் முற்றுகை முடிவதற்கு முன்பே சில ஆட்களோடு தெற்கே போய்ச் சேர்ந்த இடம் புதுச்சேரி. அந்த ஊரின் பிரெஞ்சு வரலாறு அங்கிருந்துதான் கிளம்புகிறது.

1758 டிசம்பரில் இன்னொரு பிரெஞ்சுத் தளபதி, லாலி, ஜார்ஜ் கோட்டையைச் சூழ்ந்தபோதும் இதே கணக்குதான். கோட்டைக்கு வெளியே சுற்றிக்கொண்டு பிரெஞ்சுப் படையின் உணவு வழியைக் குலைத்துக்கொண்டிருந்தவர்களில் நம் மருதநாயகமும் ஒருவர். 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயரின் கப்பல்கள் வந்து நின்றதும் லாலி மூட்டை கட்டினார்.

அதற்காக எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்ல மாட்டேன். மனு எழுதத்தான் வேண்டும் என்றால், உண்மையாகவே சமநிலையைக் கெடுக்கிற விஷயங்களைப் பற்றி எழுதுங்கள், நானும் பெயர் போடுகிறேன். நம் சர்வரில் மூன்று பெரிய கில்டுகள் கூட்டணி வைத்துக்கொண்டு, ஒருவர் கோட்டையை மற்றவர் தொடாமல், சேர்ந்து சின்ன கில்டுகளை மிதிக்கின்றன. எந்த கிளாஸை நெர்ஃப் செய்தாலும் நூற்றைம்பது பேர் ஐம்பது பேரை மிதிப்பது மாறாது. அப்புறம் காசு. கடையில் நிஜப் பணம் கொடுத்து வாங்குகிற பொருள் இருக்கிற வரைக்கும், மிகப் பலமான கிளாஸ் கிரியேட்டரும் இல்லை, சாம்பியனும் இல்லை; அப்பாவின் கிரெடிட் கார்டுதான். அதை எந்த ஷீட்டிலும் காணோம். அப்புறம் நேரம். முற்றுகையை ராத்திரி எட்டிலிருந்து பத்து வரை வைத்தால், நைட் ஷிஃப்டில் இருக்கிற ஓஎம்ஆர்க்காரர்கள் ஆறு பேரும், எட்டு மணிக்குக் குழந்தைக்குச் சாதம் ஊட்டுகிற நம் சேஜ் அக்காவும் பாதிதான் இருப்பார்கள். போன வாரம் லேண்ட் ப்ரொடெக்டர் தப்பான இடத்தில் விழுந்ததற்கும் சாம்பார் சாதத்துக்கும் சம்பந்தம் உண்டு. சரி, யார் என்று சொல்லிவிட்டேன். அக்கா, மன்னிச்சுக்கோங்க.

கூட்டணியைப் பற்றிப் பேசும்போது லினியேஜ் 2 கதையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அதுவும் கொரிய ஆட்டம்தான், என்சிசாஃப்ட் 2003இல் வெளியிட்டது. கோட்டையைப் பிடித்தவர்கள் வரி போடலாம். பார்ட்ஸ் என்ற சர்வரில் டிகே என்ற குழு, கோட்டையையும் நல்ல வேட்டைக்காடுகளையும் வளைத்துப் போட்டுக்கொண்டு வரியை ஏற்றியது. 2004இல் மற்றவர்கள் எதிர்த்துக் கிளம்பினார்கள். வேடிக்கை என்னவென்றால், வேறு சர்வர்களில் ஆடிக்கொண்டிருந்தவர்கள்கூட அங்கே போய்ப் புதிதாக ஒரு ஆளை உருவாக்கிக்கொண்டு, கவசம் வாங்கக் காசில்லாமல், வெறும் உள்ளாடையோடு போருக்குப் போனார்கள். ‘உள்ளாடைப் படை’ என்றே அவர்களுக்குப் பெயர். ஒரே அடியில் செத்தார்கள். எழுந்து திரும்ப வந்தார்கள். பெரிய வீரர்களின் வழியில் கூட்டம் கூட்டமாக நின்றார்கள், அவ்வளவுதான். பதினைந்து ஆடுகள் மாதிரி. டிகே கையிலிருந்து கோட்டை போயிற்று. எந்த கிளாஸுக்கும் ஒரு புள்ளிகூட யாரும் கூட்டவோ குறைக்கவோ தேவைப்படவில்லை.

அப்புறம் நடந்ததையும் சொல்ல வேண்டும். ஜெயித்த கூட்டணி, பிடித்த கோட்டைகளைப் பங்கு போடுவதில் அடித்துக்கொண்டது. டிகே திரும்ப எழுந்தது. சண்டை 2008 வரை இழுத்தது.

நம் புதையல் பெட்டிகளை யாருக்குக் கொடுக்கிறோம் என்று யோசித்துப் பார்த்தேன். போன மாதம் கோட்டை நம் கையில் இருந்த வாரங்களில், பெட்டியில் வந்ததெல்லாம் ஷீட்டின் முதல் பத்துப் பேருக்குப் போனது. பார்டுகளுக்கு ஒன்றுமில்லை. மெர்ச்சன்ட்டுகள் தங்கள் கையிலிருந்து செலவு செய்த ஜெனியைக்கூடத் திருப்பித் தரவில்லை. பிரீஸ்ட் என்பதால் எனக்கு ஒரு கார்டு கிடைத்தது. நானும் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொண்டேன். இப்போது அந்தக் கார்டை விற்று, மூன்று மெர்ச்சன்ட் தங்கைகளின் கணக்கை நேர் செய்துவிட்டேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, அவர்கள் கோபத்தில் வேறு கில்டுக்குப் போக இருந்தார்கள், அதற்காகத்தான்.

பார்டு தம்பிகள் இரண்டு பேரிடமும் பேசினேன். ஒருவன் ஓட்டெடுப்பைப் பார்த்துவிட்டு, “பரவால்லண்ணா, நான் புதுசா ஒரு விசார்டு ஆரம்பிச்சுடறேன்” என்றான். ரெண்டு வருஷம் வளர்த்த பாணனை மூட்டை கட்டி வைத்துவிட்டு விசார்டு ஆகப் போகிறானாம். அந்த விசார்டுக்கு யார் பாடுவது என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. ஒரு ஸ்டிக்கர் போட்டான்.

முதல் தீர்மானத்துக்கு நான் ‘வேண்டாம்’ என்று குத்திவிட்டேன். இரண்டாவதற்கும் அப்படியே. ஓட்டை மாற்ற நினைப்பவர்கள் வெள்ளி நள்ளிரவுக்குள் மாற்றலாம். கட்டைவிரலை மறுபடி ஒரு தடவை தட்டினால் அது போய்விடும்.

சனிக்கிழமை ஏழரைக்கே வாய்ஸ் சானலுக்கு வந்துவிடுங்கள். வாசல் விசார்டுகள் மூவரும் பார்டுக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும், துரத்திக்கொண்டு ஓடக் கூடாது. வைட்டாலிட்டி குறைக்க யார் தயார் என்று எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புங்கள், நாலு பேர் போதும். எட்டேகால் வரைக்கும் சேஜ் அக்காவுக்குப் பதிலாக வேறொரு சேஜ் வேண்டும். நீல ரத்தினக்கல் நாற்பது குறைகிறது; ஆசிட் பாட்டிலுக்கு மூலப்பொருள் யாரிடம் இருந்தாலும் வியாழனுக்குள் மெர்ச்சன்ட்டுகளிடம் கொடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
லேட்டாக வந்த அகோலைட்
மந்தைவெளி